எஞ்சிய நூலில் குல்லாயும் மப்ளரும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம் நான் காணத் தவறாத பொருள் ஒன்று உண்டு. பண்டகசாலையின் மூலையில், பழைய அச்சுகளுக்கும் உடைந்த ராட்டினத்திற்கும் நடுவே, வாய் கட்டப்படாத சாக்கு மூட்டை ஒன்று கிடக்கும். அதனுள்ளே பல வண்ண நூல்கள்: சிட்டத்தின் கடைசிச் சுற்றுகள், தாரில் மிஞ்சிய ஊடை, துணியை அறுத்த பின் தறியிலேயே நின்றுவிட்ட பாவு நுனிகள். இது என்ன என்று கேட்டால், "கழிவு, ஐயா" என்று விடை வரும். இருப்புப் பதிவேட்டில் அதற்கு ஒரு வரியும் இராது.

இந்த மூட்டையைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் மீனவ மகளிரிடம் சேர்ப்பித்து, குல்லாயும் மப்ளரும் பின்னச் செய்தால் ஓர் உபதொழில் உண்டாகாதா என்று எண்ணி, ஓரிரு முறை ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு அங்கு சென்று வந்தேன். அங்கே கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம். இத்தொழில் எவ்வாறு செய்யப்படுகிறது, அதில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பவற்றை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழவேற்காடும் தலைத்துணியும்

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ளது பழவேற்காடு. தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலுமாகப் பரந்து கிடக்கும் அதன் ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் ஏரியை நம்பி வாழும் மீனவர்கள் இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாட்டை நெடுங்காலமாகக் காத்து வருகின்றனர். பொதுச் சொத்தைச் சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்ளும் இம்முறை, கூட்டுறவுச் சட்டம் வருவதற்கு முன்பே இருந்த கூட்டுறவு எனலாம்.

இவ்வூருக்கு மீனைத் தவிர வேறொரு புகழும் இருந்தது. 1613-ஆம் ஆண்டு டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. இங்கிருந்து கப்பலேறிய சரக்குகளில் முதன்மையானது துணி. கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைக்கு இவ்வூரின் பெயரே ஐரோப்பியச் சந்தைகளில் வழங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சுற்றியிருந்த நெசவாளரும், தாம் நெய்த கட்டக் குட்டைகளைப் 'புலிகேட்' என்றே பெயரிட்டு விற்றனர். மேற்கிந்தியத் தீவுகளில் மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா முதலிய இடங்களின் பெண்கள் விழா நாட்களில் தலையில் கட்டும் கட்டத் துணிக்கு இன்றும் 'மதராஸ்' என்றே பெயர். ஆகவே, தலைக்கும் கழுத்துக்கும் துணி செய்வது இக்கரைக்குப் புதிய தொழிலன்று. புதியது ஊசிப் பின்னல் ஒன்றே.

நெசவுக்கு ஆகாத நூல் பின்னலுக்கு ஆவது ஏன்?

நெசவு செய்ய வேண்டுமானால் முதலில் பாவு வேண்டும். ஒரே கனமும் ஒரே நீளமும் உடைய பல நூறு இழைகளை அருகருகே நிறுத்தினால்தான் பாவு ஆகும். நான்கு முழமும் பத்து முழமுமாகக் கிடக்கும் துண்டு நூல்களைக் கொண்டு பாவு ஓட்ட எந்த நெசவாளராலும் இயலாது. அதனாலேயே அவை மூட்டைக்குப் போகின்றன.

பின்னலுக்குப் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே ஒரு நூல் முன்னும் பின்னும் ஓடி, முன் வரிசையின் கண்ணிக்குள் புதுக் கண்ணியை இழுத்துக்கொண்டே போகிறது. திருப்பூர்ப் பனியனை ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்தால் இவ்வமைப்பு விளங்கும். இயந்திரம் ஆயிரம் ஊசிகளால் செய்வதைக் கை இரண்டு ஊசிகளால் செய்கிறது, வேறுபாடு அவ்வளவே. ஒரு சமயத்தில் ஒரு நூல் போதும் என்பதால், எஞ்சிய நூல் இங்கே குறையுடையது ஆவதில்லை. கண்ணிகள் வளைந்து நிமிரக்கூடியவை ஆதலால் துணி நீண்டு சுருங்கும். தலையைப் பிடித்து நிற்க வேண்டிய குல்லாய்க்கு இக்குணம் இன்றியமையாதது.

வலையும் பின்னலும்

மீனவ மகளிருக்கும் நூலுக்கும் உள்ள உறவு வலையினால் வந்தது. முற்காலத்தில் பருத்தி நூலையும் சணலையும் முறுக்கி, கையால் வலை முடைந்து, மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்திப் பயன்படுத்தினர். 1950-களுக்குப் பின் நைலான் வலை பரவியது. இன்று வலை ஆலையிலிருந்து வருகிறது. கிழிந்த வலையைச் செப்பனிடும் திறமை மட்டும் குப்பங்களில் எஞ்சி நிற்கிறது.

வலை முடைபவருக்குப் பின்னல் எளிதில் வரும் என்று நான் நினைத்தேன். அது பாதி உண்மையே. நான் காட்டிய மாதிரித் துண்டை வாங்கி, இரு கைகளாலும் இழுத்துப் பார்த்த மூதாட்டி ஒருவர், "இதென்ன தம்பி, வலைக்குக் கண்ணுக்குக் கண்ணு முடிச்சு இருக்கும். இதிலே முடிச்சே இல்லையே. ஒரு இழை அறுந்தா மொத்தமும் போயிடாதா?" என்று கேட்டார்.

கேள்வி சரியானதே. வலையின் ஒவ்வொரு கண்ணும் முடிச்சினால் பூட்டப்பட்டது. ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண் அசையாது. ஊசிப் பின்னலில் ஒரு கண்ணியை அடுத்த கண்ணியே தாங்குகிறது. நடுவே இழை அறுந்தால் அந்த நேர்க்கோட்டில் ஏணிப்படி போலக் கண்ணிகள் இறங்கிக்கொண்டே போகும். உடனே கண்டு, இறங்கிய கண்ணியை ஊசியில் ஏந்தி, மேல் நோக்கி மீண்டும் ஏற்றிவிட்டால் தழும்பு தெரியாது. வலைக்கும் பின்னலுக்கும் இடைப்பட்டது குரோஷே எனப்படும் கொக்கி ஊசிப் பின்னல். அதில் ஒவ்வொரு கண்ணியும் முடிக்கப்பட்ட பிறகே அடுத்தது எழுவதால் இலகுவில் ஏணி விழாது. ஆனால் அது கூடுதலாக நூல் கொள்ளும். துணியும் சற்றுத் தடிப்பாக அமையும்.

நூலைப் பக்குவம் செய்தல்

மூட்டையிலிருந்து எடுத்த நூலை அப்படியே பின்னத் தொடங்கலாகாது. முதலில் பிரித்தல் வேண்டும். பருத்தியைத் தனியே, பட்டைத் தனியே, செயற்கை இழையைத் தனியே வைக்க வேண்டும். ஜரிகை கலந்தது தோலை உரசுமாதலால் குல்லாய்க்கு உதவாது. நைலான் வலைத் துண்டுகளைச் சேர்க்கவே கூடாது. அவை வியர்வையை உறிஞ்சா. இரு கை விரிப்புக்கும் குறைந்த துண்டுகளைப் பின்னலுக்கு எடுக்காமல் பஞ்சணை திணிக்க ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது துவைத்தல். பாவு நூலில் கஞ்சி இருக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசினால் கஞ்சி நீங்கி மென்மை உண்டாகும். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். அச்சுருக்கம் இப்போதே நிகழ்ந்துவிடுவது நல்லது. சாயம் போட்ட நூலை ஈரத்தோடு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். கறை படிந்தால் அந்நூலை வெள்ளையோடு சேர்க்கலாகாது.

மூன்றாவது கூட்டுதல். நெசவு நூல் பின்னலுக்கு மிகவும் மெல்லியது. நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதைக் குறிக்கும். 20 நம்பர் நூலானால் ஒரு பவுண்டில் 16,800 கெஜம். அதாவது ஒரு கிராமில் சுமார் 34 மீட்டர். 40 நம்பரானால் ஒரு கிராமில் சுமார் 68 மீட்டர். 20 நம்பர் நூலில் 12 இழைகளை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றினால் 4 மில்லிமீட்டர் ஊசிக்கு ஏற்ற கனம் கிடைக்கும். 100 கிராமுக்கு ஏறக்குறைய 280 மீட்டர் நீளம் வரும். 40 நம்பரானால் அதே கனத்திற்கு 24 இழைகள் வேண்டும்.

துண்டு நூலின் குறை மறைவதும் இக்கூட்டுதலில்தான். 12 இழைகளும் ஒரே இடத்தில் முடியாதவாறு, ஓர் இழை தீருமிடத்தில் வேறொன்றைச் சாண் அளவு மேலே படியவைத்துச் சேர்த்துக்கொண்டே போனால், முடிச்சு ஏதுமின்றி நூல் முடிவில்லாமல் நீளும். ஓர் இழை நீலம், ஓர் இழை சிவப்பு, மற்றவை வெள்ளை என்று கலந்தால், சிறிது சிறிதாகக் கிடக்கும் வண்ணங்களும் ஒரே சாயலாகத் தோன்றும்.

கைக்குழந்தைக் குல்லாய்

முதன் முதலில் பின்னுவதற்குக் கைக்குழந்தைக் குல்லாயே ஏற்றது. நூல் கொஞ்சமே செல்லும். பிழை நேர்ந்தாலும் இழப்புச் சிறிது. பிறந்த குழந்தையின் உடல் வெப்பத்தில் பெரும் பகுதி தலை வழியாகவே வெளியேறக்கூடும் என்பதால் தலையை மூடி வைக்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆகவே நம் வெப்ப நாட்டிலும் தேவையுள்ள பொருள் இது. இதற்குச் சாயமற்ற வெள்ளைப் பருத்தி நூலையே எடுக்க வேண்டும். நாடா, பொத்தான், குஞ்சம் எதுவும் வைக்கலாகாது. குழந்தையின் கழுத்தில் சுற்றவோ வாயில் போகவோ இடமிருக்கக் கூடாது.

முதலில் ஒரு சாண் அகலத்திற்கு மாதிரி பின்னி, அலசி உலர்த்தி, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள் என்று எண்ண வேண்டும். 20 கண்ணிகள் இருந்தால் கீழ்க்கண்ட கணக்குப் பொருந்தும். கூடுதலாக இருந்தால் தடித்த ஊசியும், குறைந்தால் மெல்லிய ஊசியும் எடுக்க வேண்டும். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 34 முதல் 35 சென்டிமீட்டர். குல்லாய் சற்று இறுக்கமாகப் பிடிக்க வேண்டுமாதலால் 32 சென்டிமீட்டருக்கு, அதாவது 64 கண்ணிகளுக்குத் தொடங்கலாம்.

இருமுனையும் கூரான ஐந்து ஊசிகள் வேண்டும். கடையில் கிடைக்காவிடில் மூங்கிலைச் செதுக்கி, உப்புத்தாளால் வழுவழுப்பாக்கிக் கொள்ளலாம். ஊசிக்கு 16 ஆக நான்கு ஊசிகளில் கண்ணிகளை ஏற்றி, வட்டமாகச் சேர்த்து, ஐந்தாம் ஊசியால் பின்ன வேண்டும். முதல் 3 சென்டிமீட்டர் இரண்டு நேர்க் கண்ணி, இரண்டு மறு கண்ணி என மாறி மாறி வரட்டும். இதனால் விளிம்பு நெகிழ்ந்து சுருங்கும். பின்பு மொத்த உயரம் 9 சென்டிமீட்டர் ஆகும் வரையில் எல்லாம் நேர்க் கண்ணியே.

அதன்பின் உச்சியைக் குறுக்க வேண்டும். ஆறு கண்ணி பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுக; இதைச் சுற்றிலும் எட்டு முறை செய்தால் 56 கண்ணிகள் நிற்கும். அடுத்த சுற்றுக் குறைக்காமல் வரட்டும். அதற்கடுத்த சுற்றில் ஐந்து கண்ணிக்குப் பின் இரண்டைச் சேர்த்தால் 48. இவ்வாறு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் எட்டெட்டாகக் குறைத்து வந்தால் இறுதியில் 8 கண்ணிகள் மிஞ்சும். நூலை அறுத்து, நுனியை அந்த எட்டின் ஊடே செலுத்தி இழுத்து, உட்புறம் தைத்து மறைத்துவிட்டால் குல்லாய் முடிந்தது. இதற்குச் செல்லும் நூல் 25 கிராம் அளவே. பெரியவர்களுக்கு 104 கண்ணிகளோடு தொடங்கி, உயரம் 13 சென்டிமீட்டர் ஆனதும் உச்சியைக் குறுக்கத் தொடங்கலாம். நூல் 60 முதல் 75 கிராம் வரை செல்லும்.

மப்ளர்

மப்ளர் பின்னுவது இதனினும் எளிது, பொறுமைதான் வேண்டும். இரண்டு ஊசிகள் போதும். 40 கண்ணிகள் ஏற்றினால் 20 சென்டிமீட்டர் அகலம் வரும். போகும்போதும் வரும்போதும் நேர்க் கண்ணியே பின்னி 150 சென்டிமீட்டர் நீளத்தில் முடிக்கலாம். ஒரு முகம் நேர்க் கண்ணியும் மறு முகம் மறு கண்ணியுமாகப் பின்னினால் பார்வைக்கு அழகாயிருக்கும். ஆனால் ஓரங்கள் சுருண்டு குழாயாகிவிடும். புதிதாகப் பின்னுவோர் அடிக்கடி செய்யும் தவறு இது. நூல் 200 கிராம் அளவு செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் மீனவர் குடும்பப் பெண்கள் தம் ஆடவருக்குக் கம்பளி நூலால் பின்னலாடைகள் பின்னியது உலகறிந்த செய்தி. அதைக் கண்டு நாமும் படகுக்குச் செல்வோருக்குப் பருத்திக் குல்லாய் பின்னினால் ஏமாற்றமே மிஞ்சும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெதுவெதுப்புத் தரும். பருத்தி நனைந்தால் கனத்துக் குளிர்ந்துவிடும். மார்கழி, தை மாதங்களின் உலர்ந்த விடியற்காலைக்கும் வெயிலுக்கும் மட்டுமே பருத்தி ஏற்றது.

யாருக்கு எவ்வளவு?

நிற்க. அன்று நான் புறப்படும் சமயத்தில் அந்த மூதாட்டி மற்றொரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி தம்பி. இந்தக் குல்லா ஒண்ணு முடிக்க எத்தனை நேரம் பிடிக்கும்? அத்தனை நேரத்துக்கு எங்களுக்கு என்ன வரும்?" என்றார். "ஓய்வு நேரத்தில் செய்வதுதானே அம்மா" என்றேன். அங்கிருந்த பெண்கள் சிரித்துவிட்டனர். விடியுமுன் மீன் வாங்கக் கரைக்குச் சென்று, கூடை சுமந்து விற்று, திரும்பித் தண்ணீர் எடுத்து, உலையேற்றி, வலைக்கும் கை கொடுப்பவர்களுக்கு ஓய்வு நேரம் எது என்று அவர்கள் கேட்கவில்லை; சிரிப்பிலேயே விடை இருந்தது. நூலின் நம்பர் முதல் ஊசியின் கனம் வரை எழுதிக்கொண்டு போன என் குறிப்பேட்டில் கூலிக்கு ஒரு வரியும் இல்லை. பண்டகசாலை மூட்டைக்குக் கணக்கில்லை என்று பிறரிடம் குறை கண்ட நான், அதைவிட விலையுயர்ந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

வீடு திரும்பிக் கணக்கிட்டேன். பழகிய கை நிமிடத்திற்குச் சுமார் 15 கண்ணிகள் பின்னும் எனக் கொள்வோம். கைக்குழந்தைக் குல்லாயில் ஏறக்குறைய 2,100 கண்ணிகள் உள்ளன; உச்சியை முடித்துத் தைப்பதையும் சேர்த்து 3 மணி நேரம். மப்ளரில் 16,000-க்கும் மேற்பட்ட கண்ணிகள். அதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் கூலி, எஞ்சிய நூல் கிலோ 200 ரூபாய் என்று உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம்.

குல்லாய்க்குக் கூலி 180 ரூபாய், நூல் 5 ரூபாய், சலவையும் உறையும் 10 ரூபாய், ஆக 195. சங்கத்தின் நிர்வாகத்திற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 214 ரூபாய் 50 காசு. மப்ளருக்குக் கூலி 1,200, நூல் 40, சலவை முதலியன 20, நிர்வாகம் 126. ஆக 1,386 ரூபாய்.

இக்கணக்கிலிருந்து தெளிவது யாதெனில், நாம் பெரிதாக எண்ணிய நூல் நூறில் மூன்று பங்குகூட இல்லை. புது நூலை இரட்டிப்பு விலைக்கு வாங்கினாலும் குல்லாயின் அடக்கம் ஐந்தாறு ரூபாயே கூடும். மதிப்பெல்லாம் கைகளின் நேரத்தில் இருக்கிறது. மாறாக, "கழிவு நூல்தானே, ஓய்வு நேரம்தானே" என்று அந்த மப்ளரை 300 ரூபாய்க்கு விற்றால், நூல், சலவை, நிர்வாகம் போக 210 ரூபாய் மிஞ்சும். 20 மணி நேரத்திற்குப் பகிர்ந்தால் மணிக்குப் பத்தரை ரூபாய். அவ்வாறு கொடுப்பதைவிடத் தொழிலைத் தொடங்காதிருத்தலே நலம்.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாகுபடிச் செலவைக் கணக்கிடும்போது விதை, உரம், கூலியாள் ஆகியவற்றை எழுதிவிட்டு, மனைவியும் மக்களும் வயலில் உழைத்ததை எழுதாமல் விட்டால், நட்டமும் இலாபம் போலவே தோன்றும். மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலைகளுக்கான ஆணையமும் குடும்பத்தாரின் உழைப்புக்கு மதிப்பிட்டுச் செலவில் சேர்க்கிறது. பின்னலுக்கும் அவ்விதி வேண்டும்.

நரசாபுரம் தரும் பாடம்

இது வெறும் அச்சமன்று. ஆந்திரப் பிரதேசத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியில் நரசாபுரத்தைச் சுற்றிய ஊர்களில், பெண்கள் பருத்தி நூலால் கொக்கி ஊசிப் பின்னல் வேலை செய்வது நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். அவர்கள் பின்னிய மேசை விரிப்புகளும் ஆடை ஓரங்களும் கடல் கடந்து சென்றன. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அங்கு தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது என்ன? வணிகர்கள் முகவர் மூலம் நூலை வீட்டுக்கு அனுப்பினர். பின்னியதை எண்ணி வாங்கினர். பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தனர். ஆயினும் அவர்கள் இல்லத்தரசிகள் என்றும், வேலை ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்றும் கருதப்பட்டதால், கூலி மிகக் குறைவாகவே இருந்தது. தொழில் செழித்தது, தொழிலாளர் செழிக்கவில்லை.

நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில்தான், 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாட்டின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் ஒன்று பதிவாயிற்று. வட்டிக்காரரிடமிருந்து உழவரை விடுவிப்பதே அதன் எண்ணம். நூலைக் கொடுத்து, எண்ணி வாங்கி, நேரத்தைக் கேளாமல் விடும் முகவரின் வேலையைச் சங்கமே செய்யுமானால், பெயர்ப்பலகை ஒன்றைத் தவிர வேறு என்ன மாறியிருக்கும்?

செய்யத்தக்கது

இவற்றால் இத்தொழில் கூடாது என்பது என் கருத்தன்று. எதை ஊசியில் செய்வது, எதைத் தறியில் செய்வது என்று பகுத்தறிந்து தொடங்க வேண்டும்.

மப்ளரை ஊசியில் பின்னி விற்பனைக்குக் கொண்டுவருவது இலாபகரமன்று. அதைத் தறிக்கே விட்டுவிடலாம். எஞ்சிய நூல் பாவுக்கு ஆகாது எனினும் ஊடைக்கு ஆகும்; தாரில் சுற்றும்போது துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். புதுப் பாவில் வண்ணத் துண்டு ஊடையைப் போட்டு நெய்தால், ஊசியில் 20 மணி நேரம் கொள்ளும் மப்ளர் தறியில் மிக விரைவில் முடியும். அதன் இரு முனைகளிலும் பாவு நுனிகளை ஒரு சாண் விட்டு அறுத்து, மீனவ மகளிரிடம் கொடுத்தால், வலைக் கண் போலவே முடிச்சிட்டுக் குஞ்சம் கட்டித் தருவார்கள். அவர்கள் கையறிந்த முடிச்சு அது. புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆரணி முதலிய நெசவூர்களும் ஏரிக்கரைக் குப்பங்களும் ஒரே மாவட்டத்தில் இருப்பது இதற்கு வசதி.

குல்லாயைப் பொறுத்தவரை, திருப்பூர் இயந்திரத்தோடு விலையில் போட்டியிட முடியாது; முயலவும் கூடாது. மகப்பேறு மருத்துவமனைகளுக்கும், பிறந்த குழந்தைக்குப் பரிசளிக்க விரும்புவோருக்கும், விலையை முன்னமே ஒப்புக்கொண்ட ஆர்டரின்பேரில் மட்டும் பின்ன வேண்டும். ஏரிக்குப் பூநாரை பார்க்க வருவோர், இவ்வூர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளை வாங்கிச் செல்வதுண்டு. ஓலைப் பொருளோடு நான்கைந்து மப்ளரும் வைத்துப் பார்க்கலாம். விற்றால் அடுத்த பத்து; விற்காவிடில் நிறுத்திவிடலாம்.

சங்கங்கள் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சில உள. நெசவாளர் சங்கத்தில் எஞ்சிய நூலை மாதந்தோறும் எடை போட்டு இருப்பில் ஏற்றுக. நூல் சங்கத்தின் சொத்து. கழிவு என்று பெயரிட்டதனால் அது எவருடையதும் ஆகிவிடாது. மீனவ மகளிர் சங்கத்திற்கு அதை எடைக்கு விலை போட்டு, எழுத்து மூலமான உடன்படிக்கையின்பேரில் விற்பனை செய்க. இனாமாகக் கொடுத்தால் பிறகு கூலியையும் இனாமாகக் கேட்கும் வழக்கம் வந்துவிடும். இத்தொழிலுக்குத் துணை விதிகளில் இடமுண்டா என்பதை முதலில் பார்த்து, இல்லையெனில் திருத்தத்திற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைப் பெறுக. பின்னுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு புத்தகம் கொடுத்து, எடுத்த நூலின் எடை, செலவழித்த மணி, கொடுத்த உருப்படி ஆகிய மூன்றையும் அவரே எழுதுமாறு செய்க. எழுதத் தெரியாதவருக்கு அவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளை எழுதட்டும். முதல் மூன்று மாதக் கணக்கைப் பார்த்த பின்பே கூலியையும் விலையையும் முடிவு செய்க. அம்முடிவைப் பின்னுவோரும் உடனிருந்து செய்தல் வேண்டும்.

அடுத்த முறை அந்தக் குப்பத்திற்குச் செல்லும்போது ஊசியும் நூலும் கொண்டு செல்வேன். கூடவே ஓர் ஆர்டர் கடிதமும், மணிக் கணக்குப் புத்தகமும் என்னிடம் இருக்கும். அவ்விரண்டும் கைக்கு வரும் வரையில் செல்வதாக இல்லை. அங்கத்தினர்களும் தத்தம் சங்கத்துப் பண்டகசாலை மூலையில் கிடக்கும் மூட்டையை இம்மாதமே எடை போட்டு, பதிவேட்டில் முதல் வரியை எழுதுவார்களாக.